அந்தக் குழந்தை யார்?

என் எழுத்தாளருக்கு,

அண்ணன் வீட்டில் இன்னும் ஒரு வாரம் இருக்கப்போவதாகச் சொன்னாய். அதற்கு முன் இதைப் படித்துவிடு.

இன்று நூலகத்தில் உன் நாவலைப் பற்றிக் கூட்டம். கல்லூரி விடுமுறை என்று நம் மகளும் கூட வந்தாள். நீ புனைபெயரில் எழுதியதால் எங்களை யாருக்கும் தெரியவில்லை. ஒரே ரகளைதான் போ! "பேயே வராத பேய்க்கதைக்கு இவ்வளவு பக்கமா?" என்றார் ஒரு வங்கி அதிகாரி. "படிச்சதுலேர்ந்து நான் விளக்கை அணைக்கிறதே இல்ல" என்றார் ஒரு நர்ஸ். தொட்டிலில் கிடப்பது தன் குழந்தையே இல்லை என்று அந்தத் தாய் நம்புகிறாளே, நிஜமாகவே குழந்தை மாறிவிட்டதா, அவள் மனம்தான் பிசகிவிட்டதா என்று அறையே இரண்டுபட்டது.

அப்போது கைக்குழந்தையோடு ஒரு பெண் எழுந்தாள்.

"இவ பொறந்தப்போ எனக்கும் அப்படியேதாங்க இருந்துச்சு. வெளிய சொல்லப் பயம். இந்தப் புத்தகத்தைத்தான் வீட்டுக்காரர்கிட்ட நீட்டினேன். மறுநாளே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். இத எழுதினவங்க இப்ப நல்லா இருக்காங்களா?"

நம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து நீ எழுதியது, முகம் தெரியாத ஒருத்தியைக் காப்பாற்றியிருக்கிறதே!

பக்கத்தில் நம் மகள் எழுந்துவிட்டாள். அவள் கண்ணில் படக் கூடாதென்று நீ ஒளித்துவைத்த புத்தகத்தை எப்போதோ படித்துவிட்டாளாம்.

"எங்கம்மாதான் எழுதினாங்க. அந்தக் குழந்தை நான்தான். ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்" என்றாள். பிறகு அந்தப் பெண்ணிடம் போய், கை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

நாளைக்கே கிளம்பு. உன்னை அழைத்துவர ஸ்டேஷனுக்கு அவள்தான் வருவாளாம். என்னை வர வேண்டாம் என்கிறாள்.

உன் முதல் வாசகன்