சத்தம் போடாத கணினி

மார்ச் 3, செவ்வாய்

காலையில் இரண்டு பேர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள். வீடு மாறி வந்துவிட்டீர்கள் என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன். பின்னாலிருந்து மாமனார், "அது எனக்கு வந்தது மாப்பிள்ளை, கொஞ்சம் வழி விடுங்க" என்றார். நேரத்தைக் குறித்து, கையெழுத்துப் போட்டு வாங்கினார். முப்பத்தைந்து வருடம் ரயில் ஓட்டியவர். இவரிடம் காய்கறி கொடுத்தால்கூட நேரம் குறித்துத்தான் வாங்குவார்.

உள்ளே இருப்பது விளையாட்டுக் கணினி. கடையில் இருந்ததிலேயே உயர்ந்த ரகமாம். எழுபத்து நான்கு வயதில் எதற்கு என்று நான் கேட்கவில்லை, நான் மருமகன். என் மனைவி கேட்டாள், அவள் மகள்.

"ரயில் ஓட்டணும்" என்றார்.

சிரிக்க வேண்டிய பதில்தான். யாரும் சிரிக்கவில்லை. ஜனவரியில் எங்கள் வீட்டு கேட் தூணிலேயே காரை உரசினார். அன்றிலிருந்து கார் சாவி மனைவியின் கைப்பையில் இருக்கிறது. அன்றிலிருந்து அவர் மேசைமேல் ஒரு முதியோர் இல்லத்தின் படிவமும் இருக்கிறது. எல்லாக் கட்டமும் நிரப்பியாகிவிட்டது, கையெழுத்து மட்டும் பாக்கி. "சிக்னல் கண்ணுக்குத் தெரியிற வரைக்கும்தான் இங்க. தெரியலைன்னா நானே கிளம்பிடுவேன்" என்று அப்போதே சொன்னார். ஆக, இந்தக் கணினி விளையாட்டுப் பொருள் அல்ல. தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் பரீட்சை.

மார்ச் 4, புதன்

பிரித்தோம். நான் கத்தி எடுத்தேன், வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு ஒட்டுநாடாவை நகத்தால் உரித்தார். நுரைக்கட்டிகளை வந்த வரிசையிலேயே சுவரோரம் அடுக்கினார். கடைசியில் வெளியே வந்தது ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே கிராபிக்ஸ் கார்டு என்ற ஒன்று, தடிமனில் நல்ல அகராதி அளவு, மூன்று விசிறிகளோடு படுத்திருக்கிறது. படமெல்லாம் வரைவது அதுதானாம். காசில் பாதி அதற்கே போயிருக்கும்.

"இன்ஜின் அதுதானா?" என்றார்.

"ஆமா மாமா."

"சரியான இடத்துலதான் வெச்சிருக்கான். பாத்தாத் தெரியணும்."

இணைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நியாயம்தான். என் தொழிலே செயல்முறைக் கையேடுகளைத் திருத்துவது. மிக்ஸி, சலவை இயந்திரம், ரத்த அழுத்தக் கருவி என்று இருபது வருடமாக, யாரும் படிக்காத ஒன்றைப் பிழையில்லாமல் வைத்திருக்கிறேன். இதனுடன் வந்த கையேட்டையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன், பழக்கதோஷத்தில் சிவப்புப் பென்சிலோடு. ஏழு திருத்தங்கள். ஓரிடத்தில் சொன்னதையே மறுபடி சொல்லியிருந்தார்கள். இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிட்டு ஓரத்தில் 'கூறியது கூறல்' என்று குறித்தேன். பிறகு கையேட்டை உறையில் போட்டுவிட்டு இணைக்க ஆரம்பித்தேன். திரையிலிருந்து வரும் கம்பிக்கு ஒரு வடிவம். பின்பக்கம் அதே வடிவத்தில் ஒரு துளை. செருகினேன், போனது. படம் வந்தது.

முதல் அபிப்பிராயம் எழுதிவைக்கிறேன். விளக்குகள் அதிகம், நிமிடத்துக்கு ஒரு நிறம், எந்த நிறத்துக்கும் காரணம் இல்லை. மவுஸில் பன்னிரண்டு பொத்தான்கள். என்னிடம் இருப்பது ஐந்து விரல்கள். ஆனால் என்னைக் கவர்ந்தது அமைதி. மூன்று விசிறி இருந்தும் அந்தக் கார்டிலிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை. உயர்ந்த பொருளுக்கு அடக்கம்தான் அடையாளம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். பார்த்துவிட்டுச் சொல்வோம் என்றாள்.

மார்ச் 5, வியாழன்

மாமனார் ஷூ போட்டுக்கொண்டு வந்து கணினி முன் உட்கார்ந்தார். செருப்போடு இன்ஜினில் ஏறக்கூடாதாம். திரையில் ரயில் ஓட்டும் விளையாட்டு: பனிமலைப் பாதை, பத்துப் பெட்டி, பயணிகள் வண்டி. மூன்றாவது நிலையத்துக்கு முன்னால் சிவப்பு சிக்னல். தாண்டிப் போய் நின்றார்.

திரும்பிப் பார்த்தார். "சிவப்பு இருந்துதா?"

"இருந்தது மாமா."

"நான் பாக்கும்போது இல்ல. அப்புறம் இருக்கு."

மார்ச் 6, வெள்ளி

இன்றும் தாண்டினார். இரண்டு தடவை.

மார்ச் 8, ஞாயிறு

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மரங்கள் நகராமல் நிற்கின்றன, பிறகு மொத்தமாகத் தாவுகின்றன. இந்த மாதிரி விளையாட்டெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். வேறு எதையும் நான் பார்த்ததில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

"வண்டி திக்குது மாப்பிள்ளை" என்றார்.

"வண்டி புதுசு மாமா…"

அவரே முடித்தார்: "டிரைவர் பழசு."

ஏன் அந்த வாக்கியத்தை ஆரம்பித்தேன்?

மார்ச் 10, செவ்வாய்

கண் டாக்டரிடம் போனோம். ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டால் மனைவிக்குப் பாதிக் கவலை தீரும். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்து, எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, கடைசி வரிக்குக் கீழே அச்சகத்தின் பெயரையும் இவர் படித்த பிறகு, "இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு எதுக்குய்யா இங்க வந்தீங்க?" என்றார்.

நல்ல செய்தி. ஆனால் வீட்டில் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. குறை கண்ணில் இல்லையென்றால் வேறு எதில் என்ற கேள்வி காரிலேயே கூட வந்தது. பதினெட்டாம் தேதிக்கு நரம்பு டாக்டரிடம் மனைவி நேரம் வாங்கிவிட்டாள்.

சாப்பிடும்போது, வயதானால் கண் பார்த்ததை மூளை புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்கோ படித்த கட்டுரையை விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன்.

மாமனார், "உப்பை இப்படித் தள்ளுங்க மாப்பிள்ளை. அவசரமில்ல, கட்டுரை முடியட்டும்" என்றார்.

மார்ச் 13, வெள்ளி

படிவத்தில் கையெழுத்துப் போட்டு, காலை நடையில் அவரே தபாலில் சேர்த்துவிட்டார். திரும்பி வந்துதான் சொன்னார். அடுத்த வியாழக்கிழமைக்குள் அங்கிருந்து கூப்பிடுவார்களாம், அறை காலியாக இருக்கிறதாம்.

"கணினியைத் திருப்பி அனுப்பிடுங்க மாப்பிள்ளை. பதினாலு நாளைக்குள்ள எடுத்துக்குவாங்க. வண்டி மேல தப்பு இல்லைன்னு எழுதிக் குடுங்க. பாவம், அவங்க நல்லாத்தான் செஞ்சிருக்காங்க."

மனைவி சமையலறையில் கழுவின பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும், "நீங்க சொல்லுங்களேன் அவர்கிட்ட. நீங்க சொன்னா கேப்பார்" என்றாள். இந்த வீட்டில் நான் சொல்லி யார் எதைக் கேட்டிருக்கிறார்கள்? சொல்ல என்னிடம் என்னதான் இருக்கிறது? போகாதீங்க மாமா என்று ஒரு வார்த்தை. அது வரவில்லை. கட்டுரை மட்டும் வாய்க்கு வருது, இது வரமாட்டேங்குது.

மார்ச் 14, சனி

நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் மாமனார் குளிக்கப் போனபோது, திருப்பி அனுப்புவதற்காகக் கணினியைக் கட்டி வைக்க உட்கார்ந்தேன். திரைக்கம்பியைப் பிடுங்கினேன். மேஜையைச் சுவரிலிருந்து நகர்த்தியதால் பின்பக்கம் முதல்முறையாக வெளிச்சத்தில் தெரிந்தது. நான் செருகியிருந்தது மேல் வரிசை. கீழே, அந்த அகராதி கார்டின் முதுகில், அதே வடிவத்தில் இன்னொரு வரிசைத் துளைகள். ஒவ்வொன்றுக்கும் கறுப்பு ரப்பர் மூடி. ஒன்றுகூடக் கழற்றப்படவில்லை.

பெட்டிக்குள் வைக்கக் கையேட்டை எடுத்தேன். நான்காம் பக்கம். "திரைக்கம்பியைக் கீழ் வரிசையில், கிராபிக்ஸ் கார்டில் செருகவும். மேல் வரிசையில் செருக வேண்டாம்." இரண்டாவது வாக்கியத்தின் மேல் நேராக ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் என் கையெழுத்தில்: கூறியது கூறல்.

மேல் வரிசைக்குப் பின்னால் இருக்கும் சாதாரணச் சில்லுதான் இத்தனை நாளும் திக்கித் திணறிப் படம் வரைந்திருக்கிறது. பத்து நாளாக அந்தக் கார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு வேலையே செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களை என் அலுவலகத்தில் நான் உடனே கண்டுபிடிப்பேன். இங்கே அதைத்தான் அடக்கம் என்று பாராட்டினேன். என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான். அந்த மனுஷன் கண்ணைக் கொண்டுபோய்க் காட்டினார். மூளையைக் காட்டவும் சரின்னார். வண்டி திக்குதுன்னு அவர் சொன்னார், சரியாத்தான் சொன்னார். முப்பத்தைந்து வருஷம் ஓட்டினவர் சொன்னதை, வடிவம் பாத்துச் செருகினவன் நம்பல.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். கம்பியைச் சத்தமில்லாமல் மாற்றிச் செருகிவிட்டு, கடைக்காரர்கள் ஏதோ சரிசெய்துவிட்டார்கள் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்கும் வரை யோசித்தேன்.

மூடியைக் கழற்றிக் கீழே செருகி, ரயிலை ஓடவிட்டேன். மூன்று விசிறியும் ஒன்றாகக் கிளம்பின. வீடே கேட்கும் இரைச்சல். மாமனார் தலைகூடத் துவட்டாமல் வந்து நின்றார்.

"என்ன சத்தம் அது?"

சொன்னேன். கையேட்டையும் கொடுத்தேன். நான்காம் பக்கத்தைப் படித்தார். கோட்டையும் படித்தார். போய் ஷூ போட்டுக்கொண்டு வந்தார்.

பனி ஒழுங்காக விழுந்தது. மரங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. மூன்றாவது நிலையத்துக்கு முன்னால் சிவப்பு, தூரத்திலேயே. சிக்னலுக்கு ஒரு பெட்டி நீளம் இருக்கும்போது வண்டி நின்றது. மனைவி ஈரக்கையோடு கதவில் சாய்ந்து நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து நாள் தாமதம். ரயில்வேயில இதுக்கெல்லாம் விளக்கம் கேப்போம். எழுத்துல குடுங்க மாப்பிள்ளை."

மார்ச் 15, ஞாயிறு

கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். துளைகளின் வடிவ ஒற்றுமை, மேஜைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இருட்டு, கையேட்டின் நடை, பொதுவாக மனித இயல்பு எல்லாம் அதில் இருந்தன.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது. என் சிவப்புப் பென்சிலையே எடுத்திருக்கிறார். ஒரே ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டு மீதி அத்தனையும் அடிக்கப்பட்டிருந்தது. மிஞ்சியது: "கம்பியைத் தவறான இடத்தில் செருகியது நான்." மற்றதற்கெல்லாம் சேர்த்து ஓரத்தில் ஒரு நீளமான அடைப்பு, அதன் பக்கத்தில்: கூறியது கூறல்.

இருபது வருடத் தொழிலில் இவ்வளவு நல்ல திருத்தம் பார்த்ததில்லை.

மனைவி அதைப் படித்துவிட்டு, ஒரு வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். நரம்பு டாக்டரின் நேரத்தை ரத்து செய்ய போனை எடுத்தவள், கொஞ்சம் யோசித்து, என் பெயருக்கு மாற்றிக்கொண்டாள்.

மார்ச் 17, செவ்வாய்

கணினியைத் திருப்பி அனுப்பும் கெடு இன்றோடு முடிந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அட்டைப்பெட்டியை மடித்துப் பரணில் வைத்தேன். கார் சாவி இன்னும் கைப்பையில்தான்; தூண் தூண்தானே.

மார்ச் 18, புதன்

நரம்பு டாக்டர் என்னிடம் ஒன்றும் இல்லை என்றார். மனைவி இரண்டாவது முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

மார்ச் 19, வியாழன்

மாலை முதியோர் இல்லத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். கிழக்குப் பார்த்த அறை, ஜன்னல் உண்டு, எப்போது வருகிறார் என்று கேட்டாள். போனை எடுத்துக்கொண்டு போய் மாமனார் பக்கத்தில் நின்றேன். மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "டியூட்டியில இருக்கேன்னு சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். டியூட்டி எப்போது முடியும் என்று அவள் கேட்டாள்.

விசிறிச் சத்தத்தில் எதுவும் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.