வைக்கோல் வண்டிகள் தேய்த்த எல்லைப் பெருவழி

நலம் ஓங்குக! பருவம் பிழையா மழையும் பகை நுழையா மதிலும் உடைய நெடுங்குன்றக் கோட்டைக்கும், அதன் தலைவர் சேந்தன் மழவராயருக்கும், மன்னர் திருவுளப்படி பெருவழி அமைச்சர் விழுப்பரையர் விடுக்கும் ஓலை.

உமது சிறையில் இருக்கும் கற்றச்சன் கொற்றன், எல்லைப் பெருவழிக்குப் பழுதான கல் பாவினான் என்று எல்லை நாடாளும் வாணரையர் குற்றம் சாட்டியுள்ளார். வரும் முழுமதி நாளில் அவனுடைய வலக்கை வெட்டப்பட இருக்கிறது. அதற்குமுன் தம் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்று அமைச்சர் அவ்வழியை மூன்று நாள் நடந்தே அளந்தார்.

பத்தடிக்கு ஒருமுறை இரும்புக்கோலால் கல்லைத் தட்டினார். அடித்தளம் உறுதியாயிருந்தால் கல் கணீரென்னும். கீழே மண் கரைந்திருந்தால் பொத்தென்னும். எங்கும் கணீரென்றே கேட்டது. மழை அரித்த பள்ளமென்றால் ஓரத்தில் தொடங்கி விளிம்பு மழுங்கியிருக்கும். இங்கோ சக்கரங்களின் இடைவெளிக்குச் சரியாக இரண்டு கோடுகள், இரண்டு விரல் ஆழத்தில் ஓடுகின்றன. அதுவும் வழியின் அகலத்தில் எல்லைக்குப் போகும் வண்டிகள் செல்லும் பாதியில் மட்டும்! உப்பு மூட்டைகள் தலைநகருக்கு வரும் மறுபாதி நகக்கண் அளவே தேய்ந்திருக்கிறது. இரண்டு பாதிக்கும் ஒரே கல், ஒரே கோடையில் ஒரே கை பாவியது.

எல்லைக்கு என்ன போகிறது என்று வினவியபோது, குதிரைகளுக்கு வைக்கோல் மட்டுமே என்றார் வாணரையர். வைக்கோல் கல்லைத் தேய்க்குமோ என்று அமைச்சர் கேட்க, கொற்றன் பாவியது கல்லா, வெல்லக்கட்டியா என்று அவர் நகைத்தார். பள்ளங்களைத் தம் ஆட்களே இரண்டு நாளில் மூடிவிடுவார்கள் என்றும் முந்திக்கொண்டார். மூன்றாண்டாக இவ்வழிக்கு ஒரு கூடை மண்ணும் தராதவருக்கு இத்தனை அவசரம் ஏன் என்பதே அமைச்சர் நெஞ்சை உறுத்துகிறது. கல் பாவிய தன்னைப் பிடித்தார்களே தவிர, வண்டி ஓட்டியவரை யாரும் கேட்கவில்லையே என்று கொற்றன் முன்பே முறையிட்டதும் நினைவுக்கு வந்தது.

ஆதலால், இப்பெருவழி உமது கோட்டை வாயிலைக் கடக்கும் இடத்தில், எல்லைக்குப் போகும் பாதியில் இருபதடி நீளத்துக்குக் கல்லைப் பெயர்த்து ஈரமணலைப் பரப்புக. புதுக்கல் பாவுமுன் மணற்படுகை இடுவது வழக்கமே, எவரும் ஐயுறார். முதலில் உமது லாயத்து வைக்கோல் வண்டியை அதன்மேல் ஓட்டி, சக்கரம் புதைந்த ஆழத்தை ஒரு குச்சியில் கீறிக்கொள்க. பிறகு வாணரையரின் வண்டிகள் வரட்டும். கீறலுக்கு மேல் புதையும் வண்டியை நிறுத்தி, வைக்கோலை இறக்கிப் பார்க்க. அடியில் எது இருந்தாலும் வண்டியோட்டியுடன் தலைநகருக்கு அனுப்புக. அதுவரை பழைய பள்ளங்களில் ஒரு பிடி மண்ணும் விழலாகாது. அவையே நம் சாட்சி.

மணல் சமமாக இல்லையெனில் அளவு பொய்த்துவிடும். அதைச் சமமாகப் பரப்பத் தெரிந்தவன் உமது சிறையில் இருக்கிறான். ஓலை கண்ட பொழுதே அவனை விலங்கு நீக்கி வேலைக்கு அனுப்புக, இரண்டு கைகளோடும்.

இது மன்னர் ஆணை. தேர்க்கால் முத்திரை இட்டவர், விழுப்பரையர்.