பெரிய பைக் வேண்டாம் என்ற நாள்

ஞாயிறு, இரவு

உலக பைக் பந்தயத்தின் பிரிவுகள் மோட்டோ த்ரீ, அடுத்து மோட்டோ டூ, அதற்கும் மேலே மோட்டோ ஜிபி. சோமனூரில் தறி ஓட்டும் அப்பாவுக்கு இதெல்லாம் மனப்பாடம். நான் இன்னும் இங்கேயே சின்ன பைக் கிளாஸில்தான் ரேஸ் ஓட்டுகிறேன். இன்று டீம் மேனேஜர் பெரிய பைக் கிளாஸுக்கு வரச் சொன்னார். அந்த வேகத்தில் முதல் திருப்பத்தை நினைத்துப் பயந்துவிட்டேன். மாட்டேன் என்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து, பெரிய பைக்குக்கு என்னை எடுக்கவில்லை என்று சொன்னேன்.

அப்பா உடனே மேனேஜருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏனுங்க, என்ற புள்ளகிட்ட என்னங்க கொறை?"

ஸ்பீக்கரில் மேனேஜரின் குரல் வந்தது. "கொறையே இல்லீங்க. நாந்தான் தப்பா முடிவு பண்ணிப்போட்டேனுங்க."

அப்பா போனை வைத்தார். "உடு அம்மணி. நல்ல மனுசன், தப்ப ஒத்துக்கிட்டாரு" என்று என் தட்டில் இன்னொரு தோசை போட்டார்.

அதையும் தின்றேன்.