இரண்டாவது கியர்

பிப்ரவரி 11, செவ்வாய்

மூன்று நாளாகக் காரின் முன்சக்கரத்தில் சத்தம். பிரேக்கை அழுத்தினால் ஆட்டுக்கல்லில் ஆணியைப் போட்டு ஆட்டுவது போல. என் மனைவி கலைச்செல்வி காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, இது நம்ம காரா?" என்றாள். முன்னால் போகும் லாரி என்றேன். முன்னால் லாரி இல்லை.

பிப்ரவரி 12, புதன்

பள்ளிக்கு அரை நாள் விடுப்பு. காரை வீட்டில் விட்டுவிட்டு, பஸ்ஸில் மலையிறங்கி, அடிவாரத்துக் காரவள்ளியில் ஒரு பட்டறைக்குப் போனேன். முதலாளி சத்தத்தை என் வாயாலேயே எழுப்பச் சொல்லிக் கேட்டார். ஏழாயிரத்து இருநூறு ஆகும் என்றார். காரை இறக்கிக் கொண்டு வந்துவிட வேண்டுமாம். அதாவது பிரேக் போடுவதற்காக, பிரேக் இல்லாத காரை எழுபது கொண்டை ஊசி வளைவு ஓட்டி வர வேண்டும். மறுவார்த்தை பேசாமல் பக்கத்துக் கடையில் பிரேக் பேடு மட்டும் வாங்கிக்கொண்டேன். ஆயிரத்து நூற்றைம்பது. நானே மாற்றுகிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

வரும் 23, ஞாயிறு, கலைச்செல்விக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு. நாமக்கல்லில். முதல் பஸ் நேரத்துக்குப் போய்ச் சேராது. காரில்தான் போக வேண்டும். ஆறு வருடமாகத் தற்காலிக ஆசிரியை, இது மூன்றாவது முயற்சி. போன முறை என் காரில் வந்து, முப்பத்து நான்காவது வளைவில் வாந்தி எடுத்து, தலைசுற்றலோடு எழுதி, இரண்டு மதிப்பெண்ணில் விட்டாள். மலை அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. எட்டு வருடமாக அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

பிப்ரவரி 15, சனி

காலை ஏழு மணிக்குத் தொடங்கினேன். ஜாக்கி வைத்துத் தூக்கிய பிறகு சக்கர நட்டைக் கழற்றினால் சக்கரமே சுற்றுகிறது. தூக்குவதற்கு முன்பே தளர்த்த வேண்டுமாம். இந்த ஞானம் வர நாற்பது நிமிடம்.

பழைய பேடுகள் பிடித்துப் போட்ட பீடி அளவுக்கு இருந்தன. மாலை நான்குக்கு வேலை முடிந்தது. எதுவும் மிச்சமாகவில்லை. ஒரு போல்ட்கூட. இதுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கல்லை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். வாசல் சரிவில் கார் நகர்ந்தது. பிரேக்கை மிதித்தேன் – கால் நேராகத் தரைக்குப் போனது. ஒன்றுமே இல்லை. ஐயோ என்று கத்தினேனா? கத்தினேன் என்கிறாள் கலைச்செல்வி. கை பிரேக்கை இழுத்தபோது கார் சின்னுசாமியின் மரவள்ளிக் காட்டுக்குள் நின்றிருந்தது.

சின்னுசாமி பக்கத்து வீடு. மரவள்ளிக் கிழங்கை வேனில் ஏற்றி மலையிறக்குவது அவன் தொழில். நிதானமாக வந்து பார்த்தான். "மூணு செடிங்க சார். பரவால்லீங்க, புடுங்கற பருவந்தான்."

புது பேடு மாட்டினால் வண்டியை எடுப்பதற்கு முன் பெடலை நாலைந்து முறை மிதித்து இறுக வைக்க வேண்டுமாம். மிதித்துக் காட்டினான். இறுகியது. சக்கரங்களைக் கழற்றி என் வேலையையும் சரிபார்த்தான். குறையில்லை. பிறகு பழைய பேடுகளைக் கையில் எடுத்தான்.

"எத்தன வருசம் ஓடுச்சுங்க?"

ஒன்றரை என்றேன்.

"எறங்கறப்ப என்ன கியருங்க?"

பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்தான் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே.

"அப்படியே உருட்டி உட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்க அமுக்குறீங்க. பிரேக்கு சூடேறிப் புடிக்காமப் போனா சாமிதாங்க காப்பாத்தணும். ரெண்டாங் கியர்ல எறங்குங்க. நியூட்ரல்ல இப்படி உலுக்குனா பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்குக் கொடல் வாய்க்கு வராதுங்களா?"

கலைச்செல்வி உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

மலை அல்ல. நான்.

பிப்ரவரி 19, புதன்

தனியாக ஐம்பதாவது வளைவு வரை இறங்கி ஏறினேன்; வளைவுகளின் எண் அடிவாரத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டாவது கியர். சத்தமில்லை, நாற்றமில்லை. பிரேக்கைத் தொட்டால் போதும், நிற்கிறது.

பிப்ரவரி 22, சனி

கலைச்செல்வி நுழைவுச் சீட்டையும் மூன்று பேனாவையும் எடுத்து வைத்தாள். முகர்ந்துகொள்ள ஒரு எலுமிச்சம்பழம். பாலிதீன் பை இரண்டு. சொல்லிவிடலாமா? தேர்வுக்கு முந்தைய நாள் மனைவியிடம் ஒப்புக்கொள்ளக் கூடிய விஷயமா இது? இல்லை என்று தீர்மானித்தேன். கோழைத்தனத்துக்கு நல்ல காரணம் கிடைப்பது அபூர்வம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அறுபதாவது வளைவில் பழத்தை மூக்கருகே வைத்திருந்தாள். ஐம்பதில் மடியில். நாற்பதில் திரும்பிப் பார்த்தேன் – வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முப்பத்து நான்கைத் தாண்டும்போது நான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

காரவள்ளியில் விழித்து, "எறங்கிட்டமா?" என்றாள். பை இரண்டும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

தேர்வு முடிந்து சிரித்துக்கொண்டே வந்தாள். எல்லாவற்றையும் எழுதிவிட்டாளாம். "புது பிரேக்கு நல்லா வேலை செய்யுதுங்க" என்றாள். பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் சொல்லிவிட்டேன். நியூட்ரல், எட்டு வருடம், இரண்டு மதிப்பெண், எல்லாம். அவள் நேற்றைய எலுமிச்சம்பழத்தை எடுத்து நறுக்கினாள். பிறகு, "சின்னுசாமி பேசுன அன்னிக்கு ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சுங்க. நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள்.

காலைச் சாப்பாடு எலுமிச்சம்பழச் சாதம். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள்.