லென் வாங்கிய அறை

ஜனவரி 9, வெள்ளி

கிறிஸ்துமஸ் நாடகம் முடிய இன்னும் நான்கு காட்சி. இரண்டு பேர் சேர்ந்து போடும் பசுமாட்டு வேடத்தில் பின்பாதி நான். முன்பாதி இருபத்திரண்டு வயதுப் பெண். தலையை ஆட்டி, இமையைச் சிமிட்டி, சிரிப்பு முழுவதையும் அவளே வாங்கிக்கொள்கிறாள். நான் குனிந்து, அவள் இடுப்புவாரைப் பிடித்தபடி பின்னால் போகிறேன்.

இடைவேளையில் பேப்பரை நீட்டினாள். "இவர் உங்க பழைய ஜோடிதானே?"

லென் கிரிம்ஷா. அரைப்பக்கப் படம். கோமாளியாகத் தொடங்கி, டிவியில் போலீஸ், சினிமாவில் பாதிரியார், இப்போது லண்டன் மேடையில் பிச்சைக்காரனாகிவிட்ட நீதிபதி. எந்த வேடமும் இவருக்குப் பொருந்துகிறதாம். எனக்கும்தான் பொருந்துகிறது, மாடு.

ஜனவரி 11

படத்தில் தலைமுடி அவனுடையதா, ஒட்டியதா? ஒட்டியதாக இருக்கட்டும்.

ஜனவரி 20

இன்னொரு பேப்பர். வேலைக்காரன் கன்னத்தில் அறைய, நீதிபதி படிகளில் உருளும்போது அரங்கமே மூச்சை அடக்கிக்கொள்கிறதாம். லென் கிரிம்ஷாவின் மேதைமையாம்.

அது என் விழுதல்!

பத்தொன்பது வருடம் கடற்கரை ஊர் ஒன்று விடாமல் ஜோடியாக ஆடினோம். அவன் அறைவான், நான் விழுவேன். மேடை அறை கன்னத்தில் படாது. அடி வாங்குகிறவன்தான் அந்த நொடியில் தன் இரண்டு கையையும் மார்புக்குக் கீழே தட்டிச் சத்தம் எழுப்ப வேண்டும். அப்புறம் இடுப்பு, முழங்கை, தோள் — அந்த வரிசையில் உருள்வது நான் மார்கேட் ஊர் மேடையில் கண்டுபிடித்தது. முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. லென் அறைவதோடு சரி. எப்படா கத்துக்கிட்ட? என்னைப் பார்த்துப் பார்த்தேவா?

வயிறு எரிகிறது. வேறு எப்படி எழுதுவது?

ஜனவரி 27

பிப்பா என்று ஒரு பத்திரிகைக்காரி போன் செய்தாள். "அந்த விழுதல் உண்மையில உங்களோடதுன்னு கேள்விப்பட்டேன் சார்."

"யார் சொன்னா?"

"நேர்ல சொல்றேனே."

பிப்ரவரி 6, என் வீட்டில் பேட்டி. ஒரு தடவையாவது அச்சில் என் பெயர் வரட்டும். அவன் படிக்கட்டும்.

பிப்ரவரி 2

லென் மனைவி டோரீன் பேசினாள். "நேத்து விழும்போது இடது மணிக்கட்டு சுளுக்கிடுச்சு, ரெக். மாத்து ஆள் போடுன்னா கேக்க மாட்டேங்கிறான். நீ ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயேன்."

வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை, நல்ல மனுஷி. போனை வைத்ததும் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இங்கேயும் பொய் எழுதினால் வேறெங்கே உண்மை சொல்வது?

பிப்ரவரி 4, புதன்

மதியக் காட்சிக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது வரிசை, ஓர இருக்கை. அவன் தடுமாறுவதைப் பார்க்கத்தான் போனேன்.

நன்றாக நடிக்கிறான், பாவி. பிச்சைத் தட்டை நீட்டும்போது பக்கத்து இருக்கைக்காரி மூக்கை உறிஞ்சினாள். நானும் கைக்குட்டையைத் தேடினேன். அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

வேலைக்காரன் கையை ஓங்கினான். லென் வலது கையைக் கீழே கொண்டுபோனான். இடது கை வரவில்லை. அங்கி மடிப்புக்குள் அப்படியே தொங்கியது. சத்தம் வராது. சத்தமில்லாமல் விழுந்தால் எண்ணூறு பேரும் சிரித்துவிடுவார்கள்.

பளார்.

தட்டியது என் கை. நான் தட்ட நினைக்கவே இல்லை. பத்தொன்பது வருடப் பழக்கம், ஓங்கிய கையைப் பார்த்ததும் அதுவாகத் தட்டிவிட்டது. லென் உருண்டான். இடுப்பு, முழங்கை, தோள். அரங்கம் மூச்சை அடக்கியது. ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

பிப்ரவரி 5

லென் போன் செய்தான். ஒன்பது வருடத்துக்குப் பிறகு.

"மூணாவது வரிசைதானே?"

"ஆமா."

"கொஞ்சம் முந்திட்டடா."

"நீதான் லேட்டு."

"கை ஆற ஆறு வாரமாம்," என்றான் பிறகு. அதுவரை நான் உட்கார்ந்து தட்ட, திரை ஓரமாக ஸ்டூல் போட்டுத் தருகிறானாம்.

பிப்ரவரி 6

பிப்பா வந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் தாளில் எழுதி வைத்திருந்தேன். முதலில் யார் சொன்னது என்று கேட்டேன்.

"லென் சார்தான். எல்லாப் பேட்டியிலயும் சொல்றாராம், யாருமே போடறதில்லையாம்."

இதிலும் அவனே முந்திக்கொண்டான். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, அவளுக்கு இன்னொரு கோப்பை டீ ஊற்றினேன்.

பிப்ரவரி 19

ஸ்டூல் ஆடுகிறது. சத்தம் கச்சிதம்.

மார்ச் 12, வியாழன்

மணிக்கட்டு சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், டோரீன் சொன்னாள். "இன்னும் வலிக்குதுடா, நீ இரு," என்கிறான் லென். ஊறுகாய்ப் பாட்டிலை அதே கையால் திருகித் திறந்ததைப் பார்த்தேன். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இன்று புது நிகழ்ச்சித் தாள் வந்தது. கடைசிப் பக்கம், ஒட்டுமுடிக்காரர் பெயருக்கும் கீழே: 'விழுதலும் அறையும் — ரெக் டாட்டர்சல்.'

வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்து அளந்தேன். அவன் பெயர் எழுத்து என்னுடையதைப் போல எட்டு மடங்கு.