வலது கை நடுக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூர், 1987 ஆடி, வியாழன் இரவு

இன்றைக்கு நான் பார்த்துச் சொன்ன ஈசிஜி சரிதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தேர் இன்னும் நிலைக்கு வரவில்லை. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் வன்னியம்பட்டி மாடசாமி மத்தியானம் நெஞ்சு படபடப்பு என்று கிளினிக்குக்கு வந்தார். ஈசிஜி எடுத்த ஜூனியர் டாக்டர் ஜெபராஜ் பதறிவிட்டான்.

"மேடம், கோடு பூரா நடுங்குது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மதுரைக்கு அனுப்பிருவோமா?"

மாடசாமியின் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள்.

வாங்கிப் பார்த்தேன். ஃபிப்ரிலேஷன் என்றால் இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் நடுங்கும், துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி தாறுமாறாக இருக்கும். இங்கே ஒரே சீராக இருந்தது. இடது கைக்கும் இடது காலுக்கும் நடுவே எடுக்கும் மூன்றாவது லீடில் நடுக்கமே இல்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால், மேலறை ஒழுங்காக இயங்குவதைக் காட்டும் பி அலை தெளிவாகத் தெரிந்தது. அந்த லீடுக்கு வலது கையோடு சம்பந்தம் கிடையாது.

"நடுங்குறது இதயம் இல்லப்பா, அவர் வலது கை. காலையிலேர்ந்து கட்டை தூக்கின கை" என்றேன். ஜெபராஜ் முகம் தெளிந்தது.

மாடசாமியிடம், "நெஞ்சுக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

"அப்ப நாளைக்குக் கட்டை போட வாரேன்னு சொல்லிருதேன் டாக்டரம்மா" என்று கும்பிட்டார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டேன்.

இப்போது தூக்கம் வரவில்லை. ஈசிஜியில் வேண்டாதது என்று நான் ஒதுக்கித் தள்ளிய அந்த நடுக்கம்தான் நாளைக்குத் தேர்ச் சக்கரத்தின் முன்னால் கட்டையை நீட்டப் போகிறது.

வடம் பிடிக்கும் முன்னால் அங்கே போய் நிற்பேன். என்னைத் தாண்டி அவர் கட்டையைத் தொடட்டும், பார்க்கலாம்.