இரண்டாவது மணி

பென்னாகரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

சோபனா எழுதுவது. இங்கே நானும் நம் பாப்பாவும் நலம். மஸ்கட்டில் வெயில் தணிந்ததா? அன்று போனில் நீங்கள் கேட்டதற்கு எனக்குப் பேச்சு வரவில்லை. நான் பேசாமல் இருந்ததையும் நீங்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டீர்கள் என்று குரலிலேயே தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஊர் ராமக்காவுக்குக் கையில் மாவுக்கட்டு. காட்டோரக் கேமராவில் யானை தெரிந்தால், நான் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராம் ஊரார் எல்லோர் போனுக்கும் ஒரு மணி அடிக்கும். யானை திரும்பிப் போனதும் அதே மணி இன்னொரு முறை. அன்று சாயங்காலம் இரண்டும் அடுத்தடுத்து அடித்துவிட்டன. யானை போய்விட்டது என்று நம்பி, மாட்டைப் பிடித்துக் கட்ட அவர் வெளியே வந்தார். யானையோ கேழ்வரகுக் கொல்லையிலேயே நின்றிருந்தது. ஓடி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. உயிர் பிழைத்ததே பெரிது.

யாரோ வேண்டுமென்றே செய்த வேலை என்று ஊரில் பேசினார்கள். என்னோடு வேலை செய்யும் மதியழகனையும் என்னையும் தவிர அந்தப் புரோகிராம் ஓடும் சர்வருக்குள் யாரும் போக முடியாது. அவரை நம்பாதே என்று நீங்களும் முன்பே சொல்லியிருந்தீர்கள். எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. அவர் டீ குடிக்கப் போனால்கூட யாரோடு பேசுகிறார் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடைசியில் அவர் பெயரையே சர்வரிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"எம்பேர எடுத்துட்டீங்க, சரிங்க. இனிமே ரெண்டாவது மணிய யாரு அடிக்கறாங்கன்னு பாருங்க," என்றார்.

அதுவும் எனக்கு மிரட்டலாகவே பட்டது.

மறுநாள், என் போனுக்கு மட்டும் அடிக்கும்படி வைத்து, யானைப் படத்தைக் கேமரா முன் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் இரண்டு மணி. அவர் ஏதோ திருட்டுவழி வைத்திருக்கிறார் என்றே நினைத்தேன். மணி அடிக்கும் பகுதி ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் திரையில் ஒரு வரி காட்டும்படி எழுதினேன். இணையத்தைத் துண்டித்துவிட்டு, என் லேப்டாப்பில் மட்டும் ஓட்டினேன். அறையில் என்னைத் தவிர யாருமில்லை. அப்போதும் இரண்டு வரிகள் வந்தன.

எந்த மனிதரும் செய்யவில்லை, மாமா. நாம் செய்யும் திருத்தங்களை உடனுக்குடன் எடுத்துக்கொள்ள, புரோகிராமுக்கு அடித்தளமாக நான் பயன்படுத்தும் வலைச் சட்டகத்தில் ஒரு வசதி உண்டு. ராமக்கா விழுந்ததற்கு முதல் நாள்தான் நானே அதை இயக்கி வைத்திருந்தேன். அப்படி இயக்கினால், திருத்தங்களைக் கவனிக்க ஒன்று, வேலை பார்க்க ஒன்று என்று புரோகிராம் இரண்டாகக் கிளம்புகிறது. இரண்டும் தனித்தனியே யானையைப் பார்த்து, தனித்தனியே மணி அடித்திருக்கின்றன. வசதியை அணைத்தேன். ஒரே வரி, ஒரே மணி.

மதியழகன் வீட்டுக்குப் போய், அவர் மனைவி காவியாவின் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது மதியழகன் வேலைக்கு வருகிறார். ஆனால் நாற்காலியை வாசலருகே போட்டுக்கொள்கிறார், கதவைச் சாத்த விடுவதில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. உங்கள் அண்ணன் மாரப்பன் தினமும் எங்கள் ஆபீஸ் வழியாக வண்டியை மெதுவாக ஓட்டிப் போவதை அவரும் பார்க்கிறார், நானும் பார்க்கிறேன்.

என்னையும் மதியழகனையும் பற்றி அண்ணன் என்ன சொல்லி, அன்று போனில் நீங்கள் அப்படிக் கேட்டீர்கள் என்று கேட்க மாட்டேன். லீவு கிடைத்தால் ஒரு முறை வாருங்கள். பாப்பா உங்கள் தோளில் தூங்கிய பிறகு, என் பக்கத்தில் உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறேன். அவ்வளவு தொலைவிலிருந்து, இன்னொருவர் கண்ணால் மட்டும் என்னைப் பார்க்காதீர்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உடம்பு பத்திரம்.

உங்கள்
சோபனா